மலையுச்சியில் ஒரு ரிப்பீட்டர்: அந்தமான் தீவுகளில் இருவழி ரேடியோ

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் காலை சுமார் ஆறரை மணிக்குச் சுமாத்ரா தீவின் மேற்குக் கரைக்கப்பால் கடலடியில் பெரும் நிலநடுக்கம் உண்டாயிற்று. அதன் அதிர்ச்சி அந்தமான், நிகோபார் தீவுகள் முழுவதையும் உலுக்கியது. அதனைத் தொடர்ந்து கடல் பொங்கிக் கரையேறியது. கார் நிகோபாரிலிருந்த விமானப்படைத் தளம் பெருஞ்சேதமடைந்தது. பல தீவுகளில் மின்சாரமும் தொலைபேசியும் ஒருங்கே நின்றுபோயின. எந்தத் தீவில் என்ன நேர்ந்தது என்பதை அடுத்த தீவிலிருந்தோர் அறிய வழியில்லாது போயிற்று.

அச்சமயம் போர்ட் பிளேயரில் ஹைதராபாத் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் சிறு குழுவொன்று, திருமதி பாரதி பிரசாத் தலைமையில் தங்கியிருந்தது. அந்தமானிலிருந்து அமெச்சூர் ரேடியோ ஒலிப்பதற்கு நெடுங்காலமாக அனுமதி கிட்டாதிருந்தது. அவ்வாண்டு அது கிடைத்ததால், உலகெங்குமுள்ள ரேடியோ அன்பர்களுடன் சில வாரங்கள் உரையாடுவதே அவர்கள் வந்த நோக்கம். நிலநடுக்கத்திற்குப் பின் உரையாடல் நின்றது. நிவாரணச் செய்திகள் தொடங்கின. குழுவினரில் சிலர் கார் நிகோபாருக்குச் சென்று அங்கும் ஒரு நிலையம் அமைத்தனர். உறவினரின் நலம் விசாரிக்கும் செய்திகளும், தேவைகளைக் கூறும் செய்திகளும் அவ்வழியே சென்றன.

அன்று கடலைத் தாண்டிப் பேசியது சிற்றலை ரேடியோ. ஒரே தீவில், காட்டிலும் கரையிலும் சிதறி நிற்கும் ஊழியர்கள் தம்முள் பேசுவதற்கு அது ஏற்றதன்று. அதற்குரியது கையில் எடுத்துச் செல்லும் சிறு கருவியும், அதன் குரலை வாங்கி மறுபடி அனுப்பும் ஒரு மலையுச்சி நிலையமுமாம். வானொலியில் ஒரு நிலையத்தின் நிகழ்ச்சியை மற்றொரு நிலையம் அஞ்சல் செய்வதை நேயர்கள் அறிவர். அதே வேலையைச் சிறிய அளவில், தானாகவே, அந்தந்தக் கணத்திலேயே செய்யும் இந்நிலையத்திற்கு ரிப்பீட்டர் என்று பெயர்.

கைக்கருவி உபயோகிக்கும் 145 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த அதிர்வெண்ணுள்ள அலைகள் ஏறக்குறைய ஒளியைப் போலவே நேர்க்கோட்டில் செல்லும் இயல்புடையவை. மலை குறுக்கிட்டால் மறையும். பூமியின் வளைவு குறுக்கிட்டாலும் மறையும். வளிமண்டலம் அலையைச் சிறிது கீழ்நோக்கி வளைப்பதால், கண்ணுக்குத் தெரியும் அடிவானத்திற்குச் சற்று அப்பாலும் அது எட்டும். அத்தொலைவைக் கணக்கிட எளிய விதி உண்டு. ஏரியலின் உயரத்தை மீட்டரில் எழுதி, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் ரேடியோ அடிவானம் கிலோமீட்டரில் வரும். இரு முனைகளுக்கும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

கரையில் நிற்கும் ஒருவரின் கையில் ஏரியல் 2 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். அவருடைய அடிவானம் 6 கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. அத்தகைய இருவர் திறந்த கடலின்மேல் சுமார் 12 கிலோமீட்டர் வரை பேசலாம். அடர்ந்த காட்டிலோ இரண்டு மூன்று கிலோமீட்டரே அரிது. இப்போது போர்ட் பிளேயர் துறைமுகத்திற்கு எதிரே நிற்கும் ஹாரியட் மலையைப் பார்ப்போம். (2021 முதல் அதன் பெயர் மணிப்பூர் மலை, 2024-இல் போர்ட் பிளேயரும் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது.) அதன் உயரம் சுமார் 365 மீட்டர். வர்க்கமூலம் 19.1, அடிவானம் 79 கிலோமீட்டர். கைக்கருவியின் 6 கிலோமீட்டரைக் கூட்டினால் ஏறக்குறைய 84. பன்னிரண்டு கிலோமீட்டர் எண்பத்து நான்காக ஆனது கருவியின் வலிமையால் அன்று, உயரத்தாலேயே. ஆசிரியர்கள் இக்கணக்கைக் கரும்பலகையில் போட்டு, தீவுகளின் படத்தின்மேல் காம்பசால் வட்டம் வரைந்து காட்டினால், வர்க்கமூலத்தின் பயனை மாணவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள்.

அவ்வட்டத்திற்குள் ஸ்வராஜ் தீவும் ஷாஹீத் தீவும் அடங்கும். ரங்கத் அதன் விளிம்பில் நிற்கும். இடையே உள்ள மேடுகள் அதனை மறைக்கவும் கூடும். லிட்டில் அந்தமானின் ஹட் பே வட்டத்திற்கு வெளியே உள்ளது. கார் நிகோபாரோ போர்ட் பிளேயரிலிருந்து சுமார் 270 கிலோமீட்டர் தொலைவில், பத்து டிகிரிக் கால்வாய் என்னும் அகன்ற கடலுக்கப்பால் கிடக்கிறது. ஒரு ரிப்பீட்டரை எவ்வளவு திருத்தினாலும் அக்கடலைத் தாண்டாது. இதனை முதலிலேயே ஒப்புக்கொண்டால் வீண் செலவு மிஞ்சும். கடலைத் தாண்டுவதற்கு 7 மெகாஹெர்ட்ஸ் சிற்றலையே ஏற்றது. சுமார் 20 மீட்டர் நீளமுள்ள கம்பியைத் தரையிலிருந்து சில மீட்டர் உயரத்தில் கிடைமட்டமாகக் கட்டினால், அலை ஏறக்குறைய நேரே மேலெழுந்து, அயனிமண்டலத்தில் பட்டுத் திரும்பி, சுற்றிலும் சில நூறு கிலோமீட்டர் பரப்பில் மழைபோல் இறங்கும். மலையும் கடலும் அதற்குத் தடையல்ல. ஆகவே, ரிப்பீட்டர் நிலையத்தைக் கேட்கும் அலுவலகத்தில் ஒரு சிற்றலைக் கருவியும் இருப்பது இத்தீவுகளைப் பொறுத்தவரை இன்றியமையாதது.

வடக்கு அந்தமானிலுள்ள சேடில் பீக் 732 மீட்டர் உயரமுடையது. தீவுகளிலேயே உயர்ந்த சிகரம். கணக்கின்படி அங்கிருந்து அடிவானம் 111 கிலோமீட்டர். ஆயினும் அது தேசியப் பூங்காவினுள் உள்ளது. காட்டு வழியே நடந்துதான் ஏற வேண்டும். ஒவ்வொரு பாட்டரியும் தோளில்தான் மேலேறும். பழுதான நிலையத்திற்கு மழைக்காலத்தில் ஏறிச் செல்ல ஆளில்லை எனில், உயர்ந்த சிகரத்தைவிடப் பாதையுள்ள தாழ்ந்த மேடே மேலானது. கடற்கரையைத் தேர்வதும் தவறு. 2004-இல் கிரேட் நிகோபாரின் தென்முனையாகிய இந்திரா முனையில் நிலம் நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி நீரில் நின்றது.

இனி, நிலையத்தின் உள்ளமைப்பு. ரிப்பீட்டரில் ஒரு ரிசீவரும் ஒரு டிரான்ஸ்மிட்டரும் உண்டு. ரிசீவர் 145.000 மெகாஹெர்ட்ஸில் கேட்கும். டிரான்ஸ்மிட்டர் அதே பேச்சை 145.600 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும் என்று கொள்வோம். இரண்டும் ஒரே சமயத்தில் இயங்க வேண்டும். பெரும்பாலும் ஒரே ஏரியலையே பங்கிட்டுக்கொள்ளவும் வேண்டும். இங்கேதான் தொல்லை தொடங்குகிறது. நல்ல ரிசீவர் ஒரு மைக்ரோவோல்ட்டில் ஐந்தில் ஒரு பங்கு அழுத்தமுள்ள குரலையும் கேட்கும். அதனருகே டிரான்ஸ்மிட்டர் 25 வாட் வலிமையுடன் முழங்குகிறது. இவ்விரண்டின் வலிமைக்கும் உள்ள விகிதத்தை எழுத, மூன்றுக்குப் பின் பதினாறு சைபர்கள் வேண்டும். தவில் வாசிப்பவரின் மடியில் அமர்ந்துகொண்டு, தெருக்கோடியில் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்க முயல்வதுகூட இதைவிட எளிது.

இவ்விரண்டையும் பிரித்து வைப்பது டூப்ளெக்சர் என்னும் சாதனம். இது செம்பு, பித்தளை அல்லது அலுமினியத்தாலான சில உருளைகளின் தொகுதி. ஒவ்வோர் உருளையும் சுமார் அரை மீட்டர் உயரம், அதாவது அலைநீளத்தில் கால் பங்கு இருக்கும். உள்ளேயுள்ள கோலை ஏற்றி இறக்கி, ஓர் அதிர்வெண்ணைக் கடத்தவும் மற்றொன்றைத் தடுக்கவும் சுருதி கூட்டுவர். ஒருமுறை கூட்டிய சுருதியை உரிய அளவுக் கருவியின்றி யாரும் தொடலாகாது. ஆணி தளர்ந்திருப்பதாக எண்ணி அன்பர் ஒருவர் முறுக்கிவிட்டால் அன்றோடு நிலையம் செவிடாகும்.

பேச்சு எட்டவில்லை என்றதும் டிரான்ஸ்மிட்டரின் வலிமையை உயர்த்தும்படி கேட்பது வழக்கம். பெரும்பாலும் இது பயனற்ற யோசனை. வலிமையை 10 வாட்டிலிருந்து 40 வாட்டுக்கு உயர்த்தினால் கேட்பவரின் மீட்டரில் முள் ஒரு கோடு மட்டுமே ஏறும். பாட்டரியோ பன்மடங்கு விரைவில் தீரும். மேலும், மலைமேலிருந்து வரும் குரல் எல்லோருக்கும் கேட்கும். கைக்கருவியின் 5 வாட் குரல் மலைக்குக் கேட்காது. வாய் பெரிதாகவும் காது சிறிதாகவும் உள்ள இத்தகைய நிலையத்தை அமெச்சூர் வட்டாரத்தில் 'முதலை' என்று கேலி செய்வர். முதலைகள் மிகுந்த இத்தீவுகளுக்கு இன்னுமொன்று வேண்டியதில்லை. திருத்த வேண்டுவது காதையே.

காதைச் சோதிக்க எளிய முறை ஒன்றுண்டு. ஓர் ஊழியர் தொலைவில் நின்று, குரல் இரைச்சலுடன் கேட்கும் அளவுக்கு மெலிதாகப் பேசட்டும். மற்றொருவர் நிலையத்தில் ரிசீவரின் ஒலிபெருக்கியை நேரே கேட்டுக்கொண்டு, டிரான்ஸ்மிட்டரை நிறுத்தியும் இயக்கியும் பார்க்கட்டும். டிரான்ஸ்மிட்டர் இயங்கும்போது மட்டும் குரல் இரைச்சலில் மூழ்குமாயின், நிலையம் தன் சத்தத்தாலேயே செவிடாகிறது என்பது உறுதி. பின்னர் டூப்ளெக்சரை மாற்றாமல், ஏரியலுக்குப் பதில் போலிச் சுமையை இணைத்து, அளவுக் கருவியிலிருந்து சிறு அலையை உட்செலுத்திச் சோதிக்க வேண்டும். அப்போது தொல்லை மறைந்தால் குற்றம் ஏரியலிலோ, கேபிளிலோ, கோபுரத்திலோ உள்ளது.

தீவுகளில் குற்றம் அங்கேதான் இருப்பது வழக்கம். கடற்காற்றின் உப்பு நட்டுகளிலும் இணைப்புகளிலும் துரு ஏற்றுகிறது. இரு உலோகங்களுக்கிடையே படிந்த துரு, மின்னோட்டத்தை ஒரு திசையில் மிகுதியாகவும் மறு திசையில் குறைவாகவும் கடத்தும் தன்மையுடையது. டிரான்ஸ்மிட்டரின் அலை அதில் பட்டதும் புதிய இரைச்சல் அலைகள் பிறந்து ரிசீவருக்குள் புகும். கோபுரத்தின் ஒரு துருப்பிடித்த நட்டு, நிலையம் முழுவதையும் வீணாக்கப் போதும். எவர்சில்வர் ஆணிகளும், இணைப்புகளின்மேல் நீர்புகாத ரப்பர் நாடாச் சுற்றும் இதற்குக் காப்பு. கேபிளிலும் சிக்கனம் கூடாது. மெல்லிய கேபிள் 30 மீட்டர் நீளத்தில் நான்கில் மூன்று பங்கு சக்தியை உஷ்ணமாக விழுங்கிவிடும். அரை அங்குலத் தடித்த கேபிளில் ஐந்தில் ஒரு பங்கே இழப்பாகும். இந்த இழப்பு அனுப்பும்போது மட்டுமன்றிக் கேட்கும்போதும் உண்டென்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

மின்சாரத்தைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுவது அவசியம். ஏனெனில் வெள்ளமும் புயலும் வரும் நாளில் முதலில் அறுவது அதுவே. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டில் சென்னைக்கும் இத்தீவுகளுக்குமிடையே சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கண்ணாடியிழைக் கேபிள் இயங்கத் தொடங்கிற்று. கார் நிகோபாரும் கிரேட் நிகோபாரும்கூட அதனோடு இணைந்துள்ளன. தொலைபேசி பெரிதும் சீர்பட்டது. ஆயினும் செல்போன் கோபுரத்திற்கும் மின்சாரம் வேண்டும். அது தீர்ந்தபின் கேபிள் மட்டும் பேசாது. ரிப்பீட்டர் இவற்றில் எதனையும் சாராது தனித்து நிற்றல் வேண்டும்.

25 வாட் நிலையம் ஒன்று அனுப்பும்போது 12 வோல்ட்டில் சுமார் 6 ஆம்பியரும், சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்போது அரை ஆம்பியரும் எடுப்பதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பேச்சு நடந்தால் 18 ஆம்பியர்-மணியும், எஞ்சிய 21 மணி நேரத்திற்குப் பத்தரையுமாக, மொத்தம் 28.5 ஆகும். இத்தீவுகளில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மே மாதம் தொடங்கி டிசம்பர் வரை மேகமூட்டம் அடிக்கடி நீடிக்கும். சூரியன் ஐந்து நாட்கள் தோன்றாது என்று எண்ணினால் 143 ஆம்பியர்-மணி வேண்டும். ஈய-அமில பாட்டரியைப் பாதிக்குமேல் இறக்கினால் அதன் ஆயுள் குன்றும். ஆதலால் 290 ஆம்பியர்-மணி வைப்பதே முறை. வலிமையை 10 வாட்டாகக் குறைத்தால் இத்தொகை ஏறக்குறைய மூன்றில் இரு பங்காகும். முன்கூறியபடி, எட்டும் தூரம் அதனால் அதிகம் குறையாது.

நிலையத்தைக் கட்டுப்படுத்த இரு சிறு ஏற்பாடுகள் போதும். பேச்சுடன் காதுக்குப் புலப்படாத ஒரு மெல்லிய சுருதியைக் கைக்கருவி சேர்த்தனுப்பும்; அச்சுருதியைக் கேட்டாலன்றி ரிப்பீட்டர் திறவாது. இதனால் இடியின் இரைச்சலும் அயலார் அலையும் பாட்டரியைத் தின்னா. மற்றொன்று கால அளவி. பேசும் பொத்தான் யாருடைய பையிலாவது அழுந்திக் கிடந்தால், மூன்று நிமிடத்தில் டிரான்ஸ்மிட்டரை அது நிறுத்திவிடும். இடிதாங்கிக்கும் தரை இணைப்புக்கும் பட்டையான செம்புத் தகடே ஏற்றது. கேபிள், பாட்டரி, கோபுரம் மூன்றையும் ஒரே தரை இணைப்பில் சேர்த்தல் வேண்டும்.

அனுமதியின்றி இவற்றில் எதுவும் செய்யலாகாது. அமெச்சூர் நிலையத்திற்குத் தேர்வெழுதி உரிமம் பெற வேண்டும். அவ்வுரிமத்தின்கீழ் வாணிகச் செய்திகளுக்கு இடமில்லை. ரிப்பீட்டருக்கும் மத்திய அரசின் வயர்லெஸ் பிரிவிடம் அனுமதி வேண்டும். துறை ஊழியர்கள் தத்தம் துறைக்கு ஒதுக்கிய அதிர்வெண்ணையே உபயோகிக்க வேண்டும். 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கும் சிறு வலிமைக் கைக்கருவிகளுக்கு உரிமம் வேண்டியதில்லை. அவை பள்ளி முற்றத்திற்கும் படகுத்துறைக்கும் போதுமானவை, மலையுச்சிக்குரியன அல்ல.

நிலையம் அமைந்தபின் நாள்தோறும் குறித்த நேரத்தில் எல்லா ஊழியரும் ஒருமுறை பெயர் கூறி அழைப்பது நல்லது. ஒருவர் முடித்தபின் மற்றொருவர் தொடங்குமுன் இரண்டு நொடி இடைவெளி விட வேண்டும். ஆபத்திலிருப்பவர் குறுக்கிட அதுவே வாயில். ஒவ்வொருவருடைய குரலும் எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்பதையும், அன்றைய பாட்டரி வோல்ட்டையும் ஒரு நோட்டில் குறித்து வரலாம். எல்லோர் குரலும் சேர்ந்து மங்கினால் ஏரியலையும் கேபிளையும் பார்க்க வேண்டும். ஒருவர் குரல் மட்டும் மங்கினால் அவருடைய கைக்கருவியை. மழை தொடங்குமுன் ஏப்ரலிலும், ஓய்ந்தபின் ஜனவரியிலும் மலையேறி இணைப்புகளைத் திறந்து பார்ப்பது வழக்கமாக இருக்கட்டும். கேபிளின் உட்கம்பி வலை பச்சை பூத்திருந்தால் உள்ளே நீர் புகுந்துவிட்டது. அதைத் துடைத்துப் பயனில்லை, மாற்றவே வேண்டும்.