பல்லின் எனாமலும் பல் துலக்கும் முறையும்

சங்கத்தின் மூலதனம் குறைந்துவிட்டால் அங்கத்தினர்கள் முயன்று அதனை மறுபடியும் சேர்த்துவிடலாம். பல்லின் மூலதனமோ அத்தன்மையதன்று. பல்லின் வெளிப்புறத்தை மூடியிருக்கும் வெண்ணிறப் போர்வைக்கு எனாமல் என்று பெயர். மனித சரீரத்தில் இதனினும் கடினமான பொருள் வேறில்லை. ஆயினும் இதனை உண்டாக்கும் உயிரணுக்கள் பல் முளைத்தபின் இருப்பதில்லை. ஆகையால், முறிந்த எலும்பு கூடுவதுபோலத் தேய்ந்த எனாமல் மீண்டும் வளராது.

வல்லத்திராக்கோட்டை முதலிய கிராமங்களில் பல் துலக்காமல் காலைக் கஞ்சி குடிப்போர் அரியர். குறை அசட்டையில் இல்லை, முறையிலேயே இருக்கிறது. செங்கற்பொடி, மணல், அடுப்புக்கரி, சாம்பல் ஆகியவற்றால் அழுத்தித் தேய்த்தால்தான் பல் சுத்தமாகும் என்று பலர் எண்ணுகின்றனர். செங்கல்லிலும் மணலிலும் உள்ள பருக்கைகள் எனாமலைவிடக் கடினமானவை. அரம் இரும்பைத் தேய்ப்பதுபோல் அவை பல்லைத் தேய்த்துவிடும்.

கடைவாய்ப் பல்லின் உச்சியில் சுமார் 2 மில்லிமீட்டர் கனமுள்ள எனாமல், ஈறை நெருங்க நெருங்க மிக மெல்லியதாகிவிடுகிறது. பிரஷ்ஷைக் குறுக்குவாட்டில் இழுத்து வன்மையாகத் தேய்ப்போருக்கு அவ்விடத்தில் ஆப்பு வடிவமாகப் பள்ளம் விழும். உள்ளிருக்கும் மஞ்சள் நிறப் பகுதி வெளிப்படும். பின்பு குளிர்ந்த நீரும் புளிப்பும் பட்டால் பல் கூசும். நாளடைவில் சொத்தையும் எளிதில் பற்றும்.

இதனைத் தடுக்கும் வழி எளிதே. மிருதுவான பிரஷ்ஷில் பட்டாணி அளவு புளோரைடு கலந்த பற்பசை இட்டு, ஈறிலிருந்து பல்லின் நுனி நோக்கி மெதுவாக 2 நிமிஷம் துலக்க வேண்டும். காலையிலும் இரவு படுக்குமுன்னும் இவ்வாறு செய்தல் நன்று. வேப்பங்குச்சி உபயோகிப்போர் நுனியை நன்றாக மென்று நாராக்கிக்கொள்ள வேண்டும். புளிப்பான பண்டம் உண்டால், அமிலத்தால் எனாமல் சிறிது நேரம் இளகியிருக்கும். அப்பொழுது நீரால் வாய் கொப்பளித்து, அரைமணி நேரம் கழித்தே துலக்க வேண்டும்.

பல் கூச்சம் கண்டவர்கள் தாமதியாது வைத்தியரைக் காண்பது நலம். 2023-ஆம் ஆண்டில் புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டிருத்தலால் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. நார் வளைந்த பிரஷ்ஷை 3 மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சங்கங்கள் மிருதுவான பிரஷ்களை மொத்தமாக வாங்கி அங்கத்தினர்களுக்கு வழங்கினால் செலவு குறையும். பிள்ளைகளுக்கு இம்முறையை இளமையிலேயே பழக்குவோர், முதுமையிலும் குறையாத ஒரு முதலை அவர்களுக்குச் சேர்த்து வைப்பவராவர்.