வாசலுக்கு எதிரே ஓர் இடைவெளி

தலைநகரில் நம் குடும்பங்கள் பலவும் பெரிய சாலையை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வசிக்கின்றன. நம் வாசலுக்கு எதிரே நடுத்தடுப்பில் இடைவெளி இருந்தால் மகிழ்கிறோம். அதை அடைத்துவிட்டால் மனுக் கொடுக்கக் கிளம்புகிறோம். இதில் சிந்திக்க ஒரு கணக்கு உண்டு.

நான்கு சாலைகள் கூடும் சாதாரணச் சந்திப்பில், வண்டிகளின் பாதைகள் மோதக்கூடிய இடங்கள் 32. மூன்று சாலைகள் கூடினால் 9. இடைவெளி உள்ள வாசலும் இந்த வகைதான். இடைவெளியை அடைத்து, இடப்புறமாகவே நுழைந்து இடப்புறமாகவே வெளியேறினால் மிஞ்சுவது இரண்டே!

வலப்புறம் திரும்புபவர் எதிரே விரைந்து வரும் வண்டியின் குறுக்கே போகிறார். அடி விழுவது பக்கவாட்டில். காரில் இருப்பவருக்குக் கதவாவது உண்டு. ஸ்கூட்டர்காரருக்கு அதுவும் இல்லை. 2022-இல் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை.

ஆனால் அடைப்பது மட்டும் போதாது. யூ-டர்ன் வெகுதூரத்தில் இருந்தால் ஸ்கூட்டர்கள் 'ராங் சைடில்' வரத் தொடங்கும். பாதசாரிகள் தடுப்பைத் தாண்டிக் குதிப்பார்கள். அந்த ஆபத்து இன்னும் பெரிது.

ஆகவே, குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் "இடைவெளியைத் திறந்துவிடுங்கள்" என்று கேட்பதற்குப் பதில், அருகிலேயே பாதுகாப்பான யூ-டர்னும், நடப்பவர் கடக்க சிக்னலும் கேட்போம். வாசலின் இருபுறமும் பார்வையை மறைத்து நிற்கும் கார்களை அகற்றுவோம். அது நம் கையிலேயே இருக்கிறது. காலையில் பள்ளிப் பேருந்துக்காக அந்த வாசலில் நிற்பவர்கள் நம் குழந்தைகள்தானே!