தொலைக்காட்சிக்கு உயர்ந்த கம்பம் வேண்டுமா?

விஸ்வநத்தம், சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டியும் பட்டாசும் செய்து பிழைக்கும் குடும்பங்களுக்கும், தறியையும் நிலத்தையும் நம்பியுள்ள நமது அங்கத்தினர்களுக்கும், தொலைக்காட்சிக் கட்டணம் மாதந்தோறும் தவறாது வரும் செலவாகிவிட்டது. வேலை நின்ற மாதத்திலும் அது நிற்பதில்லை. பழைய ஆன்டெனாவையே இன்னும் உயர்த்திக் கட்டினால் கட்டணமின்றிப் படம் வாராதா என்று அன்பர்கள் பலர் வினவுகின்றனர்.

வாராது. முன்பு தூர்தர்ஷன் ஒளிபரப்பு ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோடைக்கானல் மலையிலிருந்து வந்தது. அவ்வலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. ஆதலால் கம்பம் உயர உயரப் படம் தெளிந்தது. 1982ஆம் ஆண்டு தொடங்கிய இலங்கை ரூபவாஹினியைக் காணவும் தென்பகுதியினர் இவ்வாறே கம்பம் நட்டனர். ஆனால் பழைய முறைத் தரைவழி ஒளிபரப்பைத் தூர்தர்ஷன், பாதுகாப்பு முக்கியத்துவமுள்ள சில இடங்கள் நீங்கலாக, 2022ஆம் ஆண்டுக்குள் நிறுத்திவிட்டது. 2016இல் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்புத் தொடங்கிய 16 நகரங்களுள் சென்னை உண்டு; நமது மாவட்டத்து ஊர் எதுவும் இல்லை.

நமக்கு எஞ்சியுள்ள வழி, 2004 டிசம்பரில் தொடங்கிய தூர்தர்ஷனின் செயற்கைக்கோள் சேவையாகும். ‘டிடி ஃப்ரீ டிஷ்’ என்பது அதன் இன்றைய பெயர். தட்டும் பெட்டியும் ஒருமுறை வாங்கினால் மாதக் கட்டணம் இல்லை. கட்டண அலைவரிசைகள் இதில் வாரா என்பதை அறிந்தே வாங்குதல் நலம்.

இதற்கு உயரம் தேவையில்லை. ஜிசாட்-15 செயற்கைக்கோள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் உள்ளது. நம் ஊரிலிருந்து அது நேர்கிழக்கிலிருந்து தெற்கே 30 பாகை திரும்பிய திசையில், அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ 69 பாகையில் அமைகிறது. அத்திசையில் மரமோ சுவரோ மறைக்காவிடில் முற்றத்துத் தரையே போதும். வீடுகளில் வைக்கும் சாதாரணத் தட்டின் முகம் சற்றுத் தாழ்ந்து நோக்குவதுபோல் தோன்றும், அது பிழையன்று.

தட்டைச் சிறிது சிறிதாகத் திருப்பிப் பெட்டி காட்டும் அளவைக் கவனிக்க வேண்டும். சமிக்ஞையின் வலிமையைவிடத் தரமே முக்கியம். டிஜிட்டல் படம் மெல்ல மங்குவதில்லை. ஓர் எல்லைக்குக் கீழே போனதும் சதுரஞ் சதுரமாக உடைந்து மறையும். ஆகவே வெயில் நாளிலேயே உச்சத் தரத்தில் நிறுத்தினால்தான் மழையின்போதும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். கம்பியில் ஒட்டுப்போடுதலைத் தவிர்த்து, வெளி இணைப்புகளில் நீர் புகாமல் காக்க வேண்டும். மின்கம்பிக்கு அருகிலும், பட்டாசு, மருந்து வைக்கும் இடங்களுக்கு அருகிலும் இரும்புக் கம்பம் நாட்டலாகாது.

நான்கு வழி கொண்ட எல்.என்.பி. பொருத்தினால், ஒரே தட்டிலிருந்து அடுத்தடுத்த நான்கு வீடுகள் பயன்பெறலாம். பெட்டி மட்டும் வீட்டுக்கு ஒன்று வேண்டும். ஒருவர் தனித்துச் சுமக்கும் செலவை நால்வர் பகிர்ந்துகொள்வது கூட்டுறவாளருக்குப் புதிதன்று.