தமிழ்ச் சிறைத் திரைப்படங்களில் காவலர்: ‘சொர்க்கவாசல்’ படத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

சிறையைக் களமாகக் கொண்ட தமிழ்த் திரைப்படங்கள் கைதிக்கு ஊரும் உறவும் கடந்தகாலமும் தருகின்றன. காவலருக்குச் சீருடையும் தடியும் மட்டுமே தருகின்றன. இவ்வழக்கிலிருந்து விலகி, காவலரைக் கதைசொல்லியாக நிறுத்தும் ‘சொர்க்கவாசல்’ (2024) திரைப்படத்தை ‘மகாநதி’ (1994), ‘வட சென்னை’ (2018) ஆகியவற்றோடு ஒப்பிட்டு, கைதி – காவலர் உறவு தமிழ் மரபில் பெற்றுள்ள இடத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சிறை, காவல், வார்டர், சாட்சியம், சொர்க்கவாசல், மகாநதி, புறநானூறு

காவல் என்னும் சொல்

‘காவலில் இருக்கிறார்’ என்னும் தொடர் தமிழில் இருபொருள் தருவது. பணியில் நிற்கும் காவலரையும் அது குறிக்கும். அடைக்கப்பட்ட கைதியையும் குறிக்கும். சங்க இலக்கியத்தில் ‘காவலன்’ அரசனுக்குரிய சொல். ஆக, ஆள்பவன், ஏவல் செய்பவன், அடைபட்டவன் ஆகிய மூவரையும் ஒரே வேர் தொட்டு நிற்கிறது. ‘கைதி’ அரபு வழி வந்த சொல். ‘வார்டர்’, ‘ஜெயிலர்’ ஆங்கில வழி வந்தவை. ‘சிறைவாசி’ அண்மைக்கால அலுவலக வழக்கு. சொற்கள் மாறியபோதும் ‘காவல்’ மட்டும் இருபுறமும் பொருந்தும் தன்மையை இழக்கவில்லை.

திருவண்ணாமலைப் பகுதியில் ஒருவரை ‘வேலூருக்குக் கொண்டுபோய்விட்டார்கள்’ என்றால், ஒன்று மருத்துவமனை, இல்லையேல் மத்தியச் சிறை. எதுவென்று கேட்பவர் குரலைக் கொண்டே உணர்ந்துகொள்வார். அதே வேலூரில்தான் தென்மாநிலச் சிறை அலுவலர்களுக்குப் பயிற்சியளிக்கும் ‘ஆப்கா’ நிறுவனமும் உள்ளது. இங்குள்ள இளைஞர் பலர் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வுக்குப் படிப்பவர்கள். இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் ஆகிய பணிகளுக்கு ஒரே தேர்வு. சிறைக் காவலர் பணியை முதல் விருப்பமாகக் குறித்த ஒருவரையேனும் யான் இதுவரை கண்டதில்லை. கைதியின் ஊரும் காவலரின் ஊரும் பெரும்பாலும் ஒன்றே என்னும் இந்நிலை, திரைப்படங்களில் ஏன் இடம்பெறவில்லை என்பதே இவ்வாய்வுக்குத் தூண்டுதல்.

பெயரில்லாத கை

புறநானூற்றின் 74ஆம் பாடல் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய சிறைப் பாடல்களுள் ஒன்று. சோழன் செங்கணானோடு பொருது தோற்ற சேரமான் கணைக்கால் இரும்பொறை, குடவாயிற் கோட்டத்துச் சிறையில் தண்ணீர் கேட்டான், உடனே கிடைக்கவில்லை, பின்னர்க் கிடைத்தபோது அதனைக் கையில் வைத்துக்கொண்டு, உண்ணாமல், பாடி உயிர்விட்டான் என்று பாட்டின் அடியிலுள்ள பழங்குறிப்பு கூறுகிறது. (களவழி நாற்பது பாடிப் பொய்கையார் அவனை மீட்டார் என்பது வேறொரு மரபு.)

இக்குறிப்பை வாசிப்போர் சேரனின் மானத்தைக் கண்டு வியப்பர். உரைகளும் அவ்வழியே செல்கின்றன. தண்ணீரைத் தாமதித்தவர் யார்? தந்தவர் யார்? இருவரும் ஒருவரா? குறிப்பில் வினை உண்டு; வினைமுதல் இல்லை. காவலர் வேண்டுமென்றே தாழ்த்தினாரா, மேலிடத்து ஆணைக்குக் காத்திருந்தாரா, தம் உணவு நேரத்தை முடித்துவிட்டு வந்தாரா என்பதை அறிய வழியில்லை. பாட்டு மட்டும் ஓர் அரிய குறிப்பைத் தருகிறது: சிறையில் உணவு தருவோரை, உறவல்லாத உறவினர் என்னும் பொருள்பட முரணாகச் சுட்டுகிறது. பகைவர் என்று உரை கொள்வது பொருந்தும். எனினும் அம்முரண்தொடரின் நுட்பம் அவ்வுரையோடு தீர்ந்துவிடுவதில்லை. நாள்தோறும் நீரும் சோறும் தருவது உறவினர் தொழில். அதைச் செய்பவர் உறவினரும் அல்லர். சிறைக் காவலரின் நிலையை இதனினும் சுருக்கமாகச் சொன்ன தொடர் பின்னாளில் எழுந்ததாகத் தெரியவில்லை.

மணிமேகலையில் காவலருக்கு வாய் திறக்கிறது. சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகிய காதையில், ஒரே பாத்திரத்தால் பலரது பசி தீர்ந்ததைக் கண்ட காவலர் அதனை அரசனிடம் சென்று உரைக்கின்றனர். அவர்கள் சொல்லாதிருந்தால் சிறை அறக்கோட்டமாகியிராது. பெயர் மட்டும் அங்கும் இல்லை.

துலுக்காணம்

சந்தானபாரதி இயக்கத்தில் 1994 பொங்கலுக்கு வெளிவந்த ‘மகாநதி’, சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. சீட்டு நிறுவனத் தொழிலில் வஞ்சிக்கப்பட்டுச் சிறை புகும் கிருஷ்ணசாமி (கமல்ஹாசன்) வன்செயல் அறியாதவர். அவர்மேல் சிறையில் ஏவப்படும் வன்முறைக்கு உருவம் தருபவர் வார்டர் துலுக்காணம். அவ்வேடத்தை ஏற்ற சங்கர், அன்றுமுதல் ‘மகாநதி சங்கர்’ என்றே அறியப்படுகிறார். படத்தின் பெயர் வார்டராக நடித்தவரோடு ஒட்டிக்கொண்டது கருதத்தக்கது.

உடன் கைதியான பஞ்சாபகேசன், பொறுமையாக இருந்தால் விரைவில் வெளியேறலாம் என்று கிருஷ்ணசாமிக்கு அறிவுரை கூறுகிறார். இதனைத் தனிமனித அறமாகக் கொள்வதைவிடச் சிறை விதியாகக் கொள்வதே பொருத்தம். நன்னடத்தைக்காகத் தண்டனைக் காலம் கழிக்கப்படும். அந்நன்னடத்தையைப் பார்த்துச் சொல்பவரோ சிறைப் பணியாளர். அடிப்பவரின் கையிலேயே அடிபடுபவரின் நாட்கணக்கும் இருக்கிறது. படத்தின் சிறைக் காட்சிகளில் தேங்கும் அச்சம் தடியால் மட்டும் வருவதன்று. ஆனால் இக்கணக்கு துலுக்காணத்தை எவ்வாறு ஆக்கியது என்று படம் கேட்பதில்லை. அவர் வீடு எங்கே, எத்தனை மணிநேரம் நின்றார், யாருக்கு அஞ்சினார் என்பவை இல்லை. கிருஷ்ணசாமி பின்னர்க் கொலை செய்யுமளவு மாறுவதற்குப் படம் பொறுமையாகக் காரணங்களை அடுக்குகிறது. துலுக்காணத்தின் கொடுமைக்கு ஒரு காரணமும் தேவைப்படவில்லை. தம் காலத்தின் சிறந்த படங்களுள் ஒன்று இவ்விடத்தில் மட்டும் அவசரப்பட்டுவிட்டது என்றே கருத வேண்டியுள்ளது.

1999 நவம்பரும் ‘சொர்க்கவாசல்’ படமும்

சித்தார்த் விஸ்வநாத் இயக்கிய ‘சொர்க்கவாசல்’ 2024 நவம்பரில் வெளிவந்தது. (அண்ணா எழுத்தில் 1954இல் இதே பெயரில் வந்த படத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.) இதற்குப் பின்புலம் சென்னை மத்தியச் சிறையில் 1999 நவம்பர் 17 அன்று நிகழ்ந்த கலவரம். ‘பாக்ஸர்’ வடிவேலு என அறியப்பட்ட சிறைவாசி மருத்துவமனையில் இறந்த செய்தி உள்ளே பரவியதும் கைதிகள் கிளர்ந்தனர். துணைச் சிறை அலுவலர் ஜெயக்குமார் எரித்துக் கொல்லப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் கைதிகள் பலர் மாண்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டப்பட்ட அச்சிறை 2006இல் புழலுக்கு மாறி, 2009இல் இடிக்கப்பட்டது. இடமே இல்லாமற் போன ஒரு நிகழ்வைத் திரைப்படம் மீண்டும் கட்டியெழுப்புகிறது.

கதை இரு தண்டவாளங்களில் ஓடுகிறது. செய்யாத கொலைக்காகச் சிறைக்கு வரும் தெருவோர உணவுக்கடைக்காரர் பார்த்திபன் (ஆர்.ஜே. பாலாஜி) ஒன்று. சிறை முழுவதையும் தன் சொல்லுக்குள் வைத்திருந்து, இப்போது வன்முறையை விட்டு விலக முனையும் சிகா (செல்வராகவன்) மற்றொன்று. புதிதாக வரும் கண்காணிப்பாளர் சுனில்குமார், சிகாவின் ஆதிக்கத்தை உடைக்க விரும்புகிறார். சிகா இறக்கிறார், சிறை எரிகிறது. இவையனைத்தும் கலவரத்துக்குப் பிந்தைய விசாரணையில் சொல்லப்படுபவையாக அமைகின்றன. சொல்வோருள் முதன்மையானவர் சிறை அலுவலர் கட்டபொம்மன் (கருணாஸ்).

இவ்வமைப்பே படத்தின் தனித்தன்மை. சிகாவை நாம் பெரும்பகுதி கட்டபொம்மனின் வாய்வழியே அறிகிறோம். கொடுங்குற்றவாளி எனப் பதிவேட்டில் உள்ளவரிடம் நல்லெண்ணம் இருந்தது என்று சொல்பவர் அவரைப் பூட்டிவைத்திருந்த மனிதர். உறவல்லாத உறவு இங்கே சான்று கூறுகிறது. கட்டபொம்மன் தூயவராகப் படைக்கப்படவில்லை. சிகாவின் ஆதிக்கத்தால் சிறையின் அன்றாடம் சிக்கலின்றி நடந்ததை அவர் அறிவார். புதிய கண்காணிப்பாளரின் ஒழுங்குக்கும் பழைய உடன்பாட்டுக்கும் நடுவில் நிற்கும் கீழ்நிலை அலுவலரின் தடுமாற்றத்தை, கருணாஸ் உரத்துப் பேசாமலேயே காட்டியிருக்கிறார்.

குறைகளும் உண்டு. கிளைக்கதைகள் மிகுந்ததால், கட்டபொம்மனின் சொல்லை எவ்வளவு நம்பலாம் என்னும் வினா ஆழம் பெறவில்லை. தம்மைக் காத்துக்கொள்ளவும் அவருக்குக் காரணம் உண்டல்லவா? மேலும், கலவரத்தின் உச்சம் திரைக்குரிய வேகத்தோடு நிகழ்வதால், மெய்யான நவம்பர் 17இல் ஒரு காவல் அலுவலர் இறந்த விதத்தின் கனம் கூட்டத்தில் கரைந்துபோகிறது. கைதிகளின் மரணத்துக்கும் இதுவே நேர்கிறது. இருதரப்பிலும் இறந்தவர்களின் குடும்பங்கள் இன்னும் வாழ்கின்ற நிலையில், புனைவு என்னும் முன்னறிவிப்பு எவ்வளவு தூரம் போதுமானது என்பது தனியே ஆராயத்தக்கது.

கைதியே காவலராதல்

சிகாவின் ஆதிக்கத்தைத் திரைக்கற்பனை என்று ஒதுக்க இயலாது. 1894ஆம் ஆண்டுச் சிறைகள் சட்டத்தின் 23ஆம் பிரிவு, சிறை அலுவலராக அமர்த்தப்பட்ட கைதிகளைப் பொது ஊழியராகக் கருத வேண்டும் என்கிறது. ‘கன்விக்ட் வார்டர்’ என்று சிறைப் பேச்சில் வழங்கியவர்கள் இவர்களே. குறைந்த செலவில் பெருந்தொகையினரை அடக்கிவைக்கக் குடியேற்ற அரசு கண்ட வழி இது: கைதிகளுள் சிலரைக் காவலுக்கு உயர்த்துவது. சட்டம் அங்கீகரித்த இவ்வழக்கத்துக்கும், அங்கீகரிக்காத ‘தாதா’ ஆதிக்கத்துக்கும் இடையே உள்ள கோடு மெல்லியது.

வெற்றிமாறனின் ‘வட சென்னை’யில் அக்கோடு அழிந்தே போகிறது. செந்தில், குணா என்னும் இரு தலைவர்களின் பகை சிறைக்குள்ளும் எல்லை வகுத்துக்கொள்கிறது. கேரம் விளையாட்டின் வழியாகவே அன்பு செந்திலை நெருங்கி, பின்னர்க் கத்தியால் குத்துகிறான். காவலர்கள் அப்படத்தில் ஏறக்குறையச் சுவரைப் போன்றவர்கள். சிறையைக் கைதிகளே நடத்துகிறார்கள் என்னும் உண்மையை அப்படம் கூர்மையாகச் சொல்கிறது. அதற்குக் காவலர் செலுத்தும் விலையைச் சொல்லவில்லை.

டேனியல் மோன்சோன் இயக்கிய ‘செல்டா 211’ (2009) என்னும் ஸ்பானியப் படம் இம்மாற்றத்தைத் தலைகீழாக்குகிறது. பணியில் சேர்வதற்கு முதல்நாளே சிறையைப் பார்க்க வரும் புதிய காவலர், திடீர்க் கலவரத்தில் சிக்கி, உயிர்பிழைக்கத் தம்மைக் கைதியாகக் காட்டிக்கொள்கிறார். வன்முறையாளன் மலமாத்ரேயின் நம்பிக்கையைப் பெறுகிறார். அவர் உண்மையிலேயே கைதிகளின் பக்கம் சாய்வது, அவர் மனைவியை மற்றொரு காவலர் தாக்கிய பின்னர்தான். உடை மாறினால் ஆள் மாறிவிடுவான் என்னும் எளிய கணக்கு இவ்விடத்தில் அடிபடுகிறது. ‘சொர்க்கவாசல்’ கட்டபொம்மனுக்கு உடைமாற்றம் இல்லை. அவர் சீருடையிலேயே இருந்துகொண்டு இருபுறமும் பார்க்கிறார்; அதனால் அவர் நிலை கடினமானது.

யார் யாருக்குச் சான்று

1979இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த சுனில் பத்ரா வழக்கு இங்கு நினைவுகூரத்தக்கது. திகார் சிறையில் தூக்குத் தண்டனை பெற்றிருந்த பத்ரா, தலைமை வார்டர் ஒருவர் பணம் பறிப்பதற்காக மற்றொரு கைதியைக் கொடுமைப்படுத்தியதை நீதிபதி ஒருவருக்குக் கடிதமாக எழுதினார். அக்கடிதமே ஆட்கொணர் மனுவாக ஏற்கப்பட்டது. நீதிபதி கிருஷ்ணய்யர் அளித்த தீர்ப்பு சிறைச் சீர்திருத்த வரலாற்றில் முக்கியமானது. கொலைக் குற்றவாளி காவலருக்கு எதிராகச் சான்று கூற, நீதிமன்றம் கேட்டது. ‘சொர்க்கவாசல்’ படத்தில் காவலர், இறந்த குற்றவாளிக்காகச் சான்று கூறுகிறார்.

தமிழில் கைதியின் எழுத்துக்குக் குறைவில்லை. வ.உ.சி.யின் சுயசரிதை கோவை, கண்ணூர்ச் சிறைகளைப் பேசுகிறது. இராஜாஜி 1921–22இல் வேலூர்ச் சிறையில் நாட்குறிப்பு எழுதினார். கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமாரின் ‘லாக்கப்’ நாவல், ‘விசாரணை’ படமாயிற்று. இவை எல்லாவற்றிலும் காவலர் வெளியிலிருந்து பார்க்கப்பட்டவர். அதே வேலூர்ச் சிறையின் மதிலுக்குள் முப்பதாண்டு நின்று ஓய்வுபெற்ற வார்டர்கள் திருவண்ணாமலை, செங்கம், போளூர்ப் பகுதிக் கிராமங்களிலும் இருப்பர். ‘மணிமேகலை’யின் காவலரைப்போல் கண்டதைச் சொல்ல அவர்களுக்கும் செய்தி இருக்கும். அவர்களிடம் வாய்மொழி வழக்காறாக எஞ்சியுள்ளவற்றை ஒலிப்பதிவு செய்து தொகுக்கும் களப்பணியே இவ்வாய்வின் அடுத்த கட்டமாக அமையும்.