மருந்து குடித்தும் இளைப்பு நிற்கவில்லையா? மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள்!

ஐப்பசி பிறந்தால் போதும். "பையனுக்கு ராத்திரியானா இளைக்குது டாக்டர், போன மழைக்கும் இப்படித்தான்" என்று பிள்ளையோடு வருகிற தாய்மார்கள் அதிகமாகிவிடுவார்கள். நாடி பார்த்து மருந்து எழுதும் முன்பு நான் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "பிள்ளை படுக்கிற அறையில கூரை ஒழுகுதாம்மா?" "ஒழுகலை டாக்டர், மூலையில லேசா ஒரு கறை மட்டும் இருக்கு" என்பார்கள். அந்த லேசான கறைதான் விஷயமே!

ஐப்பசி, கார்த்திகையைச் சித்த மருத்துவம் கூதிர் காலம் என்கிறது. குளிரும் ஈரமும் ஐயத்தைக் கூட்டும்; சுவாசகாசம் உள்ளவர்களுக்குச் சோதனையான மாதங்கள். உலக சுகாதார நிறுவனமும் 2009-இல் வீட்டு ஈரம், பூஞ்சை பற்றித் தனி வழிகாட்டி நூலே வெளியிட்டது. ஈரம் கோத்த வீட்டில் வசிப்பவர்களுக்கு இருமலும் இளைப்பும் அதிகம் என்கிறது அது. ஆடாதோடை மணப்பாகு கொடுத்தால் சளி இளகும், உண்மை. ஆனால் ராத்திரி முழுக்கப் பூஞ்சைக் காற்றையே பிள்ளை இழுத்துக்கொண்டிருந்தால் மருந்து என்ன செய்யும்?

நம் மதுரைக் கூரைக்கு மழையைவிட வெயில்தான் முதல் எதிரி. மாதக் கணக்கில் பகலில் காய்ந்து விரிவதும் இரவில் குளிர்ந்து சுருங்குவதுமாக இருந்து, ஓட்டு இணைப்புகளில் மயிரிழை போல விரிசல் விடும். அது கண்ணுக்கே தெரியாது. பிறகு வருஷ மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் மொத்தமாகக் கொட்டும். 2024 அக்டோபர் 25-இல் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்த மழையை மறந்திருக்க மாட்டீர்கள். ஆகவே கூரையைப் பார்க்க வேண்டியது ஆவணி, புரட்டாசியில்.

கான்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காய் ஊறிய தண்ணீர் தெளித்து, நாள்கணக்கில் கட்டையால் அடித்து, அதற்கு மேல் தட்டோடு பதிப்பது நம் பக்கத்து வழக்கம். (திரிபலையில் சேருகிற அதே கடுக்காய்தான்! அதன் துவர்ப்பு சுண்ணாம்பை இறுக்கும்.) இப்போது அடிப்பதற்கு ஆளும் இல்லை, பொறுமையும் இல்லை. பல வீடுகளில் சிமென்ட் கலவையைப் பரப்பி ஓட்டை ஒட்டிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட தளத்துக்குக் கவனிப்பு இன்னும் அதிகம் தேவை.

முதலில் வீட்டுக்குள் பாருங்கள். உட்கூரையில் பழுப்பு வளையம், உப்புப் பூத்த இடம், பரணில் வைத்த பழைய துணியில் முடை வாடை... இவை அடையாளங்கள். சித்திரை வெயிலிலும் கறை வளர்ந்தால் குற்றவாளி மழையல்ல. தண்ணீர்த் தொட்டியையோ குளியலறைக் குழாயையோ சந்தேகப்படுங்கள்.

பிறகு மாடிக்கு ஏறுங்கள். பாசி இருந்தால் வழுக்கும், பெரியவர்கள் ஏற வேண்டாம். சுத்தியலின் மரப்பிடியால் ஒவ்வொரு ஓடாகத் தட்டிப் பாருங்கள். நன்றாகப் பிடித்த ஓடு 'டக்'கென்று கெட்டியாகச் சத்தம் தரும். அடியில் பிடிப்பு விட்டிருந்தால் 'டொப்'பென்று கேட்கும். ஒன்றை நினைவில் வையுங்கள். தண்ணீர் புகுகிற இடமும் சொட்டுகிற இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஓட்டுக்கு அடியிலேயே ஓடி எங்கேயோ இறங்கும். எனவே கறைக்கு நேர் மேலே மட்டும் பூசினால் காசு தண்டம். வாட்டத்தின் மேட்டுப் பக்கமாகத் தேடிக்கொண்டே போங்கள். கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற மூலையில்தான் பெரும்பாலும் ஆள் அகப்படுவான்! சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் இப்போதே வேரோடு எடுத்துவிடுங்கள்.

பத்தடிக்கு இரண்டு அங்குலமாவது வாட்டம் வேண்டும். ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிப் பாருங்கள், தேங்குகிற இடம் தானாகத் தெரியும். மழைநீர்க் குழாய் வாயில் அடைத்திருக்கும் சருகை எடுங்கள். தேங்கிய நல்ல தண்ணீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடும். பத்து நாளுக்குள் பறந்துவிடும்.

விரிசல் விட்ட இணைப்பின் மேலேயே சிமென்ட் பால் ஊற்றுகிறார்கள். அது அடுத்த கோடைக்குத் தாங்காது. பழைய கலவையைச் சுரண்டி எடுத்து, நீர்புகாக் கலவை சேர்த்து நிரப்ப வேண்டும். வெயில் தணிக்கும் வெள்ளைப் பூச்சு நல்லதுதான், ஆனால் விரிசலை அடைத்த பிறகு அடியுங்கள். உட்கூரையில் காரை உதிர்ந்து கம்பி தெரிகிறதா? துருப்பிடித்த கம்பி பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். அங்கே கொத்தனார் போதாது, பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் இன்னும் ஓட்டு வீட்டில் இருப்பவர்களுக்கு வேலை சுலபம். உடைந்த ஓட்டை மட்டும் மாற்றினால் போதும். ஓட்டின் நடுவில் கால் வைக்காமல், ரீப்பர் ஓடுகிற வரிசையில் பலகை போட்டு மிதியுங்கள். எலிப் புழுக்கையும் புறா எச்சமும் இருந்தால் தண்ணீர் தெளித்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு அள்ளுங்கள். தேள் இருக்கும், ஜாக்கிரதை.

கல்நார் ஷீட் கூரையா? அதைச் சுரண்டாதீர்கள், துளை போடாதீர்கள், காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். கல்நார்த் தூசி நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கும்.

ஒழுகலை நிறுத்திய பிறகே உள்ளே பூஞ்சையைத் துடைக்க வேண்டும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணி போதும். இளைப்புக்காரர் அப்போது அந்த அறையில் இருக்கக் கூடாது. சுவர் நன்றாகக் காய்ந்தபின் பெயின்ட் அடியுங்கள். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.

"ஈர வாடைக்குச் சாம்பிராணி போடலாமா டாக்டர்?" என்று கேட்பார்கள். சித்த வைத்தியனான நானே சொல்கிறேன், இளைப்பு உள்ள வீட்டில் வேண்டாம். புகை, பூஞ்சையைக் கொல்லாது, மூச்சைத்தான் அடைக்கும். வெயில் வரும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஏற்கெனவே இன்ஹேலர் எடுப்பவர்கள், கூரையைச் சரிசெய்தாயிற்று என்று அதைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம்.