செய்யுட் பதிப்பில் பக்க முறிவு: லேடெக் வழிக் கட்டுப்பாடு

சங்கப் பாடல்களை ஆய்வேட்டின் மேற்கோளாகவோ பின்னிணைப்பாகவோ அமைக்கும் ஆய்வாளர், சந்திப்பிழை திருத்துவதில் காட்டும் கருத்தைப் பக்கம் எங்கே முறிகிறது என்பதில் பெரும்பாலும் காட்டுவதில்லை. புறநானூற்றுப் பாடல் ஒன்றின் மூலம் ஒரு பக்கத்தின் அடியில் முடிய, அதன் திணை, துறை, பாடினார், பாடப்பட்டார் குறிப்புகள் மறுபக்கத்தின் தலையில் நின்றால், அவை அடுத்த பாடலுக்குரியனவாக மயங்க இடமுண்டு. இடைவெளி விட்டுப் பகுக்கப்பெற்ற செய்யுளில் பக்க முறிவு அவ்விடைவெளியிலேயே விழுமாயின், ஆங்குப் பகுப்பு உண்டா இல்லையா என்பதே படிப்போர்க்குப் புலப்படாது. பாடத்தையே தொடும் குறைகளாதலின் இவற்றை அச்சகத்தார் பொறுப்பில் விடுவது தகாது. குறிமொழி வழியே தாமே பக்கம் கோக்கும் ஆய்வாளர்க்கு இவற்றைத் தவிர்க்கும் வழிகளை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

டொனால்டு குனூத் 1978இல் உருவாக்கிய டெக் நிரலும், அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980களில் எழுப்பிய லேடெக்கும் இங்கு எடுத்துக்கொள்ளப்பெறுகின்றன. ஒருங்குறித் தமிழை நேரே ஏற்கும் சீடெக் வந்தபின் தமிழாய்வாளர்க்கு இவை எளிதாயின. டெக், ஒரு பத்தியின் வரிகளை முழுப் பத்தியையும் நோக்கியே முறிக்கிறது. பக்கத்தையோ ஒவ்வொன்றாகவே முறிக்கிறது. அன்றைய கணினிகளின் நினைவகக் குறுக்கமே இதற்குக் காரணம். முடிந்த பக்கத்தை வெளியே தள்ளிவிட்டு அடுத்ததற்குச் செல்வதால், பின்வரும் பக்கத்தின் நலம் கருதி முன்பக்கத்தை அது மாற்றுவதில்லை.

முறிவிடத்தைத் தேர்வதற்கு அது கொள்ளும் அளவுகோல் தண்ட மதிப்பு எனலாம். ஓரிடத்தில் 10000 என மதிப்பிட்டால் அங்கே முறிவு தடுக்கப்பெறும். எதிர்மறை 10000 எனில் முறிந்தே தீரும். இடைப்பட்ட எண்கள் விருப்பையும் வெறுப்பையும் உணர்த்துவன. பத்தியின் கடைசி வரி மட்டும் மறுபக்கத் தலையில் தனித்து நிற்பதற்கும், முதல் வரி மட்டும் பக்க அடியில் தங்குவதற்கும் இயல்பாக உள்ள தண்டம் 150 மட்டுமே. இரண்டையும் 10000 ஆக்குவோர் பலர். உரைநடைக்கு அது பொருந்தும். செய்யுளுக்கு அது போதாது.

செய்யுளுக்கு வேண்டுவது அடிதோறும் கட்டுப்பாடு. அடியின் இறுதியில் இடும் இரட்டைப் பின்சாய்கோட்டுடன் உடுக்குறி ஒன்று சேர்த்தால், அவ்வடிக்குப் பின் பக்கம் முறியாது. குறுந்தொகைப் பாடல்கள் பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடியின. அவற்றை முழுமையாகக் கட்டிவிடலாம். 13 முதல் 31 அடிவரை நீளும் அகநானூற்றுக்கு இம்முறை ஆகாது. அங்கே முதல் மூன்று அடிகளையும் இறுதி மூன்று அடிகளையும் மட்டும் கட்டி, நடுவில் நெகிழ விடுவதே என் கருத்தில் ஏற்றது. முறியலாம் எனப் பதிப்பாசிரியர் கருதும் இடத்தில், அதாவது தொடர் ஒன்று முற்றுப்பெறும் அடியின்பின், 'பேஜ்பிரேக்' கட்டளையை 2 அல்லது 3 என்னும் அளவோடு இடலாம். அது கட்டாயமன்று, பரிந்துரையே. அளவு 4 எனில் கட்டாயம்.

பாடலையும் அதன் குறிப்பையும் பிணைக்க 'சேம்பேஜ்' சூழல் உதவும். ஆயின் இரு பத்திகளுக்கு இடைப்பட்ட வெளியை அது முழுதும் காப்பதில்லை. பாடலுக்கும் குறிப்புக்கும் நடுவே 'நோபேஜ்பிரேக்' என்பதையும் இடவேண்டும். இதற்கு மாற்றாக 'மினிபேஜ்' பெட்டிக்குள் பாடலை வைப்போர் உளர். பெட்டி முறியாது என்பது உண்மையே; ஆனால் பாடவேறுபாட்டு அடிக்குறிப்புகள் பக்கத்தின் அடிக்குச் செல்லாமல் பெட்டியின் அடியிலேயே, எண்ணுக்கு மாறாக எழுத்துக் குறியுடன், தங்கிவிடும். மூலபாட ஆய்வுக்கு இது பெருங்கேடு.

முறிவுகளைத் தடுக்கத் தடுக்கப் பக்கங்களின் அடியில் வெற்றிடம் மிகும். இருபுற அச்சுக்குரிய நூல் வகை, எல்லாப் பக்கங்களையும் ஒரே உயரத்துக்கு நீட்ட முயல்வதால் பத்திகளுக்கும் செய்யுட் பகுப்புகளுக்கும் இடையிலான வெளி பக்கத்துக்குப் பக்கம் வேறுபடும். செய்யுட் பதிப்பில் 'ராகட்பாட்டம்' கட்டளையால் இதனை நிறுத்துதல் நலம்.

இங்கு என் பட்டறிவு ஒன்றைக் கூறலாம். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் பாடல்தோறும் 'நியூபேஜ்' கட்டளையைக் கையால் இட்டு, பக்கங்களை ஒழுங்கு செய்திருந்தேன். நெறியாளர் திருத்தத்தால் குறிப்புகளில் ஐந்தாறு வரிகள் கூடின. கட்டாய முறிவுகள் யாவும் இடம்மாறி, பாதி வெறுமையான பக்கங்கள் பதினொன்று தோன்றின. முன்னரே கையால் எழுதிய பாட்டு முதற்குறிப்பின் பக்க எண்களும் பிழைபட்டன. 'நீட்ஸ்பேஸ்' தொகுப்பு இத்தகைய இடர்க்கு மருந்து. இத்தனை வரிக்கு இடமிருந்தால் தொடர்க, இன்றேல் புதுப்பக்கம் செல்க என்பதே அதன் பணி. வரி கூடினும் குறையினும் அந்நிபந்தனை மாறாது.

ஒரு வரிக்கு மட்டும் இடம் போதாதபோது 'என்லார்ஜ்திஸ்பேஜ்' அப்பக்கத்தை நீட்டித்தரும். எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டனுக்கும் ஒரே அளவு நீட்சி தரவேண்டும். இல்லையேல் விரித்த நூலில் அடிவரிகள் ஏறியும் இறங்கியும் தோன்றும். இக்கட்டளையையும் கட்டாய முறிவுகளையும் மெய்ப்புத் திருத்தம் முற்றும் முடிந்த பின்னரே இடுதல் வேண்டும்.