டைரியில் ஒரு புலம்பல்

கதை எழுதி எழுதிக் கிழித்துப் போடும் நேயர்களே, அமெரிக்க நாவலாசிரியர் ஜான் ஸ்டீன்பெக்கின் சங்கதி உங்களுக்குத்தான்!

கலிபோர்னியாவில் 1936-ல் நடந்த லெட்டூஸ் கீரைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை ஒடுக்கிய பெரிய மனிதர்களைப் பரிகசித்து, 1938-ல் ஒரு நாவல் எழுதினார். படிப்பவருக்கு வெறுப்பை மூட்டுமே தவிர, மனிதரைப் புரியவைக்காது. அது யோக்கியமான எழுத்தல்ல என்று அவருக்குப் பட்டது. பிரதியையே அழித்துவிட்டார்! (அந்த நெஞ்சுரம் நம்மில் எத்தனை பேருக்கு வரும்?)

சில நாளிலேயே, பஞ்சம் பிழைக்க வந்த குடியானவர்களைப் பற்றிப் புதிய நாவல் தொடங்கினார். பக்கத்தில் ஒரு டைரி. தமக்கு எழுத வராது, ஊரையும் தம்மையும் ஏமாற்றுகிறோம் என்ற புலம்பலெல்லாம் அதில். புலம்பித் தீர்த்துவிட்டு, அன்றைய கணக்கான 2,000 வார்த்தைகளுக்கு உட்காருவார். ஐந்தே மாதத்தில் முடிந்த அந்த நாவல்தான், 1940-ல் புலிட்சர் பரிசு பெற்ற ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’. முடிக்கும் தறுவாயிலும் அதைச் சாதாரணப் புத்தகம் என்றே டைரியில் குறித்திருக்கிறார், மனிதர்!